இரைச்சலும் செவிநரம்பும்: ‘தற்காலிகச் செவிப்புல இழப்பு’ என்னும் கருத்துப் பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

1

தொழிற்கூடங்களின் இரைச்சல் தொழிலாளரின் செவிப்புலனைக் கெடுக்கிறது என்பது புதிதாக நிறுவப்பட வேண்டிய உண்மையன்று. இத்தாலிய மருத்துவரான பேர்னார்டினோ ரமசினி, 1700 இல் வெளியிட்டு 1713 இல் விரிவாக்கிய தொழிலாளர் நோய்கள் பற்றிய நூலில், வெனிஸ் நகரச் செப்புக் கொல்லர் சம்மட்டியொலியினிடையே வாழ்ந்து செவிடராகும் நிலையைப் பதிவு செய்துள்ளார். 1867 இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதற் பாகத்தில், இயந்திரமும் பெருங்கைத்தொழிலும் பற்றிய இயலிலே, வெப்பம், தூசி ஆகியவற்றோடு செவியைத் துளைக்கும் இரைச்சலையும் சேர்த்து, தொழிற்சாலையில் ஒவ்வொரு புலனும் எவ்வாறு ஊறுபடுகிறது என்று மார்க்ஸ் சுட்டிக்காட்டினார். ஆகவே இரைச்சல் தீங்கு செய்யுமா என்பது இன்று வினாவன்று. அது செவியின் எவ்வுறுப்பை முதலிற் கெடுக்கிறது, அக்கேடு எந்தக் கட்டத்திற் ‘கேடு’ என ஏற்கப்படுகிறது, அவ்வாறு ஏற்பதற்கான அளவுகோலை யார் வகுத்தனர் என்பனவே வினாக்கள்.

பேரிரைச்சலிடையே சில மணி நேரம் நின்றவர்க்குக் காது அடைத்தாற்போல இருப்பதும், ஓரிரு நாள்களில் அது நீங்குவதும் பலரறிந்த அனுபவமாகும். மருத்துவ நூல்கள் இதனை நெடுங்காலமாகத் ‘தற்காலிகச் செவிப்புல இழப்பு’ என வகைப்படுத்தி வந்துள்ளன. கேட்கும் திறன் மீண்டுவிட்டதாயின் செவியும் மீண்டுவிட்டது என்பது அவ்வகைப்பாட்டின் உட்கிடை. இவ்வுட்கிடையை 2009 முதலாக வெளிவந்த ஆய்வுகள் தகர்த்துள்ளன. அது அத்துணைக் காலம் நிலைபெற்றிருந்தமைக்கு ஆய்வுக் கருவிகளின் போதாமை ஒரு காரணம். எதனை அளப்பது என்ற தெரிவு, எதற்கு நட்டஈடு வழங்குவது என்ற பேரத்தோடு பிணைந்திருந்தமை மற்றொரு காரணம். இவ்விரண்டாவது காரணம் போதிய அளவு பேசப்படவில்லை என்பதே நமது கருத்து.

இலக்கிய மாணவர் உடற்றொழிலியலிற் புகுவது பொருத்தமா எனச் சிலர் வினவலாம். பேச்சு என்பது பேசுவோனிடத்து மட்டும் நிகழ்வதன்று, கேட்போனிடத்தும் நிகழ்வது. கேட்போன் அதனை இழக்கும் விதத்தை அறிவது மொழியைப் பயில்வோர்க்குப் புறம்பான செய்தியாகாது.

2

இப்பொருள் பற்றிய வரலாற்றில் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகருக்குத் தனியிடம் உண்டு. கப்பல் கட்டுதலும் கொதிகலன் செய்தலும் செழித்திருந்த அந்நகரிலே, 1886 இல் தோமஸ் பார் என்னும் செவி மருத்துவர் 100 கொதிகலன் தொழிலாளரையும், 100 இரும்பு வார்ப்போரையும், 100 தபாற்காரரையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார். கொதிகலன் தொழிலாளர் இரும்புக் கூட்டின் உள்ளே நின்றுகொண்டிருக்க, வெளியே தறையாணிகள் அறையப்படும். இரும்பு வார்ப்போர் அத்துணை இரைச்சலுக்கு ஆட்படாதோர். தபாற்காரர் தெருவில் நடந்து தொழில் செய்வோர். ஒரே நகரின் உழைப்பாளரை அவர்தம் தொழிலின் இயல்பு நோக்கி வகுத்து ஒப்பிட்ட இம்முறையியல் அக்காலத்துக்கு முற்போக்கானதாகும்.

பார் இரு வழிகளிற் செவிப்புலனை மதிப்பிட்டார். ஒன்று, மணிக்கூட்டின் ஒலி எவ்வளவு தூரத்திற் கேட்கிறது என அளத்தல். மற்றது, பொதுக்கூட்டத்திற் பேசுவோரின் பேச்சைக் கேட்டு விளங்கிக்கொள்ள முடிகிறதா என வினவுதல். முதலாவது சோதனையில், கொதிகலன் தொழிலாளர் நூற்றுவருள் ஒருவருக்கேனும் இயல்பான செவிப்புலன் இருக்கவில்லை. இரண்டாவது வினாவுக்கு, அவர்களில் ஏறத்தாழ முக்காற் பங்கினர் கூட்டங்களிற் கேட்பது கடினம் அல்லது இயலாது என விடையளித்தனர். தபாற்காரரிடையே அவ்வாறு கூறியோர் பத்திலொரு பங்குக்கும் குறைவு.

மணிக்கூடு ஆய்வாளனின் கருவி. கூட்டம் பற்றிய வினாவோ தொழிலாளியின் வாழ்க்கையினின்று எழுவது. தொழிற்சங்கங்கள் வலுப்பெற்று வந்த காலத்தில் கூட்டத்திற் பேச்சைக் கேட்க இயலாதவன் தன் வர்க்கத்தின் பொது வாழ்வினின்றும் ஒதுக்கப்பட்டவன் ஆகிறான். இவ்விரு அளவைகளுள் முதலாவதே பின்வந்த நூற்றாண்டில் மின்கருவிகளாற் செம்மைப்படுத்தப்பட்டுச் சட்டத்திலும் இடம்பெற்றது. இரண்டாவது பெரும்பாலும் தொழிலாளியின் ‘முறைப்பாடு’ என்ற அளவிலேயே நின்றுவிட்டது.

3

இவ்விரு அளவைகளும் ஒரே பொருளை அளப்பனவல்ல என்பதை உணர்தற்கு உட்செவியின் அமைப்பை ஓரளவு அறிதல் வேண்டும். செவிப்பறையில் மோதும் ஒலி மூன்று சிற்றென்புகளின் வழியாக, நத்தையோட்டை ஒத்த சுருளொன்றிலுள்ள பாய்மத்தை அதிரச்செய்கிறது. இந்நத்தைச்சுருளின் நீளத்துக்கு மயிர்க்கலங்கள் வரிசையாக அமைந்துள்ளன. மனிதச் செவி ஒவ்வொன்றிலும் புற மயிர்க்கலங்கள் ஏறத்தாழ 12,000. அக மயிர்க்கலங்கள் ஏறத்தாழ 3,500. மென்மையான ஒலியின் அதிர்வைப் பெருக்குவது புற மயிர்க்கலங்களின் தொழில். அதிர்வை நரம்புச் சைகையாக்கி மூளைக்கு அனுப்புவதற்கு வழிசெய்வன அக மயிர்க்கலங்களே.

செவிநரம்பில் 30,000 அளவிலான நார்கள் உள. அவற்றுட் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேற்பட்டவை அக மயிர்க்கலங்களோடு தொடர்புடையன. இத்தகைய நார் ஒவ்வொன்றும் பொதுவாக ஒரேயொரு மயிர்க்கலத்தோடு, ஒரேயொரு நரம்பிணைப்பின் வழியாகவே தொடுக்கப்பட்டுள்ளது. ஆனால் மயிர்க்கலம் ஒவ்வொன்றுடனும் பத்துக்கு மேற்பட்ட நார்கள் இணைகின்றன. ஒலி வந்ததும் மயிர்க்கலம் இவ்விணைப்பின் இடைவெளியிலே குளுட்டமேற்று என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும். அது நரம்பின் நுனியைத் தூண்டும். ஒரு நாருக்கு ஓர் இணைப்பே உண்டாதலால், அவ்விணைப்பு அற்றுப்போயின் அந்நார் மூளைக்குச் சொல்வதற்கு எதுவுமில்லை.

இந்நார்கள் யாவும் ஒரே தன்மையன அல்ல. ஒரு சாரார் மிக மெல்லிய ஒலிக்கும் துலங்கும். ஆயினும் ஒலி சற்று உயர்ந்ததும் அவற்றின் துலங்கல் உச்சத்தை எட்டிவிடும். மற்றொரு சாரார் மெல்லொலிக்கு அசையாதவை. உரத்த ஒலிகளிடையே உள்ள ஏற்றத்தாழ்வுகளை வேறுபடுத்துவதில் வல்லவை. அமைதியான அறையில் மணிக்கூட்டின் ஒலியைக் கேட்பதற்கு முதற்சாரார் போதும். சந்தை இரைச்சலில் ஒருவர் கூறும் சொல்லைப் பிரித்தறிதற்கோ இரண்டாஞ் சாராரின் துணை முக்கியமானது.

4

இரைச்சலாற் செவிடானோரின் செவியை அவர் இறந்தபின் ஆராயும் முயற்சிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே தொடங்கின. 1890 இல் ஹாபர்மன், உலோகத் தொழிலாளி ஒருவரின் நத்தைச்சுருளில் மயிர்க்கலங்கள் அழிந்திருந்ததைக் கண்டார். அதன்பின்னர், இரைச்சல் மயிர்க்கலங்களைக் கொல்கிறது, அவை அழிந்தபின் பயனற்றுப்போன நரம்பு நார்கள் மெல்ல மாய்கின்றன என்னும் கருத்து வேரூன்றியது. மயிர்க்கலம் முதலில், நரம்பு பின்னர் என்ற இவ்வொழுங்கின்படி, மயிர்க்கலங்கள் பிழைத்திருக்குமாயின் நரம்பைப் பற்றிக் கவலையுற வேண்டியதில்லை.

அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் ஷரன் குஜாவா, சாள்ஸ் லிபர்மன் ஆகிய இருவரும் 2009 இல் வெளியிட்ட ஆய்வு இவ்வொழுங்கைத் தலைகீழாக்கியது. அவர்கள் இளம் எலிகளை 100 தெசிபெல் இரைச்சலுக்கு இரண்டு மணிநேரம் ஆட்படுத்தினர். மறுநாள் அவற்றின் கேட்டல் பெரிதும் குன்றியிருந்தது. இரு வாரங்களில் அது இயல்பு நிலைக்கு மீண்டது, மயிர்க்கலங்களும் அழியாதிருந்தன. பழைய வகைப்பாட்டின்படி இது ‘தற்காலிக’ இழப்பு. ஆயினும் நரம்பிணைப்பின் இரு பக்கங்களையும் வெவ்வேறு நிறத்தில் ஒளிரச்செய்து நுணுக்குக்காட்டியில் எண்ணியபோது, உயர் மீடிறன் ஒலிகளுக்குரிய பகுதியில் ஏறத்தாழ அரைப்பங்கு இணைப்புகள் ஒரு நாளுக்குள்ளேயே அற்றுப்போயிருந்தமை தெரியவந்தது. அவை மீளவில்லை. இணைப்பிழந்த நரம்புக்கலங்கள் உடனே மாயாது, பல மாதங்களும் ஆண்டுகளும் கழித்தே மடிந்தன. அளவிறந்து சுரக்கும் குளுட்டமேற்று நரம்பின் நுனியை வீங்கச்செய்து சிதைப்பது இதற்கு முதன்மையான காரணம் எனக் கருதப்படுகிறது. 2013 இல் கினிப்பன்றிகளிற் செய்யப்பட்ட ஆய்வு, இவ்வாறு முதலில் அறுபடுபவை பெரும்பாலும் மேற்கூறிய இரண்டாஞ் சார்ந்த நார்களே எனக் காட்டியது.

பாதி நரம்பிணைப்புகள் அற்றபின்னும் செவிப்புலச் சோதனை இயல்பான முடிவைத் தருவது எவ்வாறு? வழக்கமான சோதனை, ஒவ்வொரு மீடிறனிலும் ஒருவர் கேட்கக்கூடிய மிகக் குறைந்த ஒலியை, அதாவது கேட்டலின் கீழெல்லையை, அமைதியான அறையில் அளக்கிறது. அதற்குச் சில நார்களே போதும். 1950களில் ஷுக்னெக்ற், வூல்னர் ஆகியோர் பூனைகளின் செவிநரம்பைப் பகுதியாக வெட்டிச் செய்த சோதனைகள், நார்களில் முக்காற் பங்களவு அழிந்தபின்னும் கீழெல்லை பெரிதும் மாறாதிருக்கலாம் எனக் காட்டியிருந்தன. உண்மை அறியப்படாதிருந்தது என்று கூறுவதைவிட, அது பயன்படுத்தப்படாதிருந்தது என்று கூறுவதே பொருந்தும்.

இதனை நம் துறையிலிருந்து ஓர் உவமையால் விளக்கலாம். சி. வை. தாமோதரம்பிள்ளை, உ. வே. சாமிநாதையர் முதலிய பதிப்பாசிரியர்கள் ஏட்டுப் பிரதிகள் பலவற்றை ஒப்புநோக்கியே சிதைந்த சொற்களை மீட்டனர். இருபது பிரதிகள் உள்ள நூலொன்றுக்கு ஐந்தே எஞ்சினாலும் அந்நூல் உண்டு என்பதில் ஐயம் எழாது. ஆயின் செல்லரித்த இடத்தில் நின்ற சொல் யாது எனத் துணியும் ஆற்றல் குன்றிவிடும். செவிப்புலச் சோதனை நூல் உண்டா இல்லையா என்று மட்டும் கேட்கிறது. வாழ்க்கையோ ஒவ்வொரு சொல்லையும் வாசிக்கும்படி கேட்கிறது. “பேசுவது கேட்கிறது, ஆனால் என்ன பேசுகிறார்கள் என்பது விளங்கவில்லை” என்னும் பலரின் முறைப்பாட்டுக்கு இதில் ஓர் உடற்றொழிலியல் விளக்கம் கிடைக்கிறது.

5

கீழெல்லையை அளக்கும் முறை அறிவியலில் மட்டும் நிலைபெற்றதன்று. நட்டஈட்டுச் சட்டத்திலும் அது நிறுவனமாகியது. ஐக்கிய அமெரிக்காவில், 1948 இல் நியூயோர்க்கின் உயர்நீதிமன்றமொன்றும், 1953 இல் விஸ்கொன்சின் மாநில உச்ச நீதிமன்றமும், கூலியிழப்பு ஏற்படாதவிடத்தும் செவிப்புல இழப்புக்கு நட்டஈடு உண்டு எனத் தீர்ப்பளித்தன. இரு வழக்குகளும் உலோகத்தைச் சம்மட்டியால் அறைந்து உருவாக்கும் பட்டறைகளில் எழுந்தவை. பல்லாயிரவர் உரிமை கோரக்கூடும் என்ற நிலை முதலாளிகளையும் காப்புறுதி நிறுவனங்களையும் அச்சத்துக்குள்ளாக்கியது. எவ்வளவு இழப்பு ‘ஊனம்’ ஆகும் என வரையறுக்கும் சூத்திரம் தேவைப்பட்டது இப்பின்னணியிலேயாகும்.

1959 இல் செவி மருத்துவர்களின் அமெரிக்க அமைப்பு வகுத்த சூத்திரம் 500, 1000, 2000 ஹேர்ட்ஸ் ஆகிய மூன்று மீடிறன்களின் சராசரியை எடுத்துக்கொண்டது. அச்சராசரி ஒரு ‘கீழ்வேலி’யைத் தாண்டினாலன்றி ஊனம் இல்லை. தொழிற்சாலை இரைச்சல் முதலிற் கடிப்பதோ 3000 முதல் 6000 வரையுள்ள பகுதியை, சிறப்பாக 4000 ஹேர்ட்ஸை ஒட்டிய இடத்தை. கேடு எங்கே தொடங்குகிறதோ அவ்விடம் கணக்கிற் சேர்க்கப்படவில்லை. அமைதியான சூழலில் அன்றாடப் பேச்சை விளங்குவதே அளவையின் குறிக்கோள் என்பது அதற்குக் கூறப்பட்ட நியாயம். 3000 ஹேர்ட்ஸ் சேர்க்கப்படுவதற்கு 1979 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

பிரித்தானியாவில் தொழிற்செவிடு அரசாங்க நட்டஈட்டுக்குரிய நோயாக 1970களின் நடுப்பகுதியிலேயே ஏற்கப்பட்டது. பார் தம் ஆய்வை வெளியிட்டு அப்போது ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் கழிந்திருந்தன. அதற்கு வேண்டிய இழப்பு 1000, 2000, 3000 ஹேர்ட்ஸ் மீடிறன்களிற் சராசரியாக 50 தெசிபெல், அதுவும் இரு காதுகளிலும். சாதாரண உரையாடல் ஏறத்தாழ 60 தெசிபெல் என்பதை நோக்குமிடத்து, பேச்சுலகம் ஏறக்குறைய மூடுண்ட பின்னரே அச்சட்டம் தன் கதவைத் திறக்கிறது எனலாம். குறிப்பிட்ட தொழில்களிற் பல ஆண்டுகள் உழைத்திருக்கவும் வேண்டும். அக்கால எல்லை முதலில் 20 ஆண்டாகவும் பின்னர் 10 ஆண்டாகவும் விதிக்கப்பட்டது.

‘தற்காலிகம்’ என்ற சொல் சட்ட விதியாக உறைந்திருப்பதையும் காணலாம். அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதிகளின்படி, ஆண்டுச் சோதனையில் ஒரு தொழிலாளியின் கேட்டல் குன்றியிருப்பது தெரியவந்தால், 30 நாள்களுக்குள் மீளச் சோதிக்கலாம். மாற்றம் மறைந்திருப்பின் அதனை ஊறாகப் பதியவேண்டியதில்லை. 2009 ஆய்வின் ஒளியில் நோக்கும்போது, நரம்பிணைப்புகள் அற்றுப்போனதற்கான ஒரே வெளித்தடயமாக இருக்கக்கூடிய அம்மாற்றமே பதிவேட்டினின்றும் நீக்கப்படுகிறது. அந்நாட்டில் 8 மணிநேரத்துக்கு 90 தெசிபெல் என 1969 இல் விதிக்கப்பட்ட எல்லை இன்றும் சட்டமாகவுள்ளது. தொழிற்சுகாதாரத்துக்கான அமெரிக்க அரசாங்க ஆய்வு நிறுவனமே 1998 இல், அவ்வெல்லையில் 40 ஆண்டுகள் உழைப்போரில் நூற்றுக்கு 25 பேர் இரைச்சலாற் செவிப்புலன் ஊனமுறும் அபாயத்திலுள்ளனர் எனவும், 85 தெசிபெல்லாயின் அது 8 பேர் எனவும் மதிப்பிட்டது. இக்கணக்குகளும் கீழெல்லையை அளந்து பெறப்பட்டவையே. நரம்பின் கேடு இவற்றுள் அடங்கவில்லை.

அளக்கப்படாததால் தொழிலாளர் அனுபவம் இல்லாமற் போய்விடவில்லை. லங்காஷயர் பருத்தி ஆலைகளில் நெசவுப் பெண்கள் உதட்டசைவை மிகைப்படுத்திப் பேசும் ஒரு பேச்சு முறையையே உருவாக்கினர். வங்காளத்துச் சணலை நெய்து வளர்ந்த ஸ்கொட்லாந்தின் டண்டி நகரிலே, சணல் ஆலைத் தறிகளின் இரைச்சலும் நெசவாளரின் செவிப்புலனும் பற்றி 1965 இல் விரிவான ஆய்வு வெளிவந்தது. 1971 இல் அதே ஆய்வாளர் குழுவினர் நெசவுப் பெண்களின் சமூக வாழ்வை ஆராய்ந்தபோது, கூட்டங்கள், அந்நியரோடு உரையாடல், தொலைபேசி ஆகியவற்றில் அவர்கள் படும் இடர்ப்பாடு வெளிப்பட்டது. பார் கேட்ட வினாவை மீண்டும் கேட்டபோது, எண்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னரும் அதே வகையான விடையே கிடைத்தது.

6

இவ்விடத்து இரு எச்சரிக்கைகள் வேண்டும். முதலாவது, எலியிற் கண்டதை மனிதருக்கு அப்படியே பொருத்துதல் தகாது. குரங்குகளிற் செய்த சோதனைகளில் நரம்பிணைப்பு இழப்பு காணப்பட்டதாயினும், அதற்கு எலிகளுக்கு வேண்டியதைவிட மிகுந்த இரைச்சல் தேவைப்பட்டது. உயிரோடிருக்கும் மனிதரில் இணைப்புகளை நேரே எண்ணுதல் இயலாது. மாஞ்செஸ்ரரில் இளவயதினர் நூற்றுக்கு மேற்பட்டோரிடம் செய்யப்பட்டு 2017 இல் வெளிவந்த ஆய்வு, அவர்கள் ஆட்பட்ட இரைச்சலுக்கும் செவிநரம்பின் மின் துலங்கலுக்கும் இடையே குறிப்பிடத்தக்க தொடர்பைக் காணவில்லை. மறுபுறம், இறந்தோரின் செவியென்புகளை ஆராய்ந்த பொஸ்ரன் குழுவினர், வயதேற நரம்பு நார்கள் மயிர்க்கலங்களைவிட வேகமாக அழிவதை 2019 இலும், இரைச்சலில் உழைத்த வரலாறு உடையோரிடத்து நரம்பிழப்பு மிகுந்திருப்பதை 2021 இலும் காட்டினர். இளவயதினரின் செவியும் பல ஆண்டு உழைப்பைத் தாங்கிய செவியும் ஒன்றல்ல என்பதை இம்முடிவுகளை ஒப்பிடுவோர் மனங்கொள்ளுதல் வேண்டும்.

இரண்டாவது, அறிவியல் முழுவதும் மூலதனத்தின் ஏவல் என்ற எளிய முடிவுக்கு நாம் வரவேண்டியதில்லை. மறைந்திருந்த கேட்டை வெளிப்படுத்தியதும் அறிவியலே. கீழெல்லை அளவை பொய்யானதும் அன்று. அது காட்டும் இழப்பு உண்மையான இழப்பு. நம் மறுப்பு அவ்வளவையின் மீதன்று. அது காட்டாதது இல்லாதது எனக் கொள்ளும் மனப்பாங்கின் மீதே. ஓர் அளவுகோலின் எல்லை, அதனால் நன்மையடைவோர் கையிற் சேரும்போது உண்மையின் எல்லையாக உருமாறுகிறது. கருத்தியல் தொழிற்படுவது பெரும்பாலும் இவ்வாறே. பொய்யுரைப்பதினும், வினாவைக் குறுக்குவதே அதற்கு எளிது.

7

எலிகளிலும் கினிப்பன்றிகளிலும் நரம்பிணைப்பை மீள வளர்க்கும் முயற்சிகள் சில பயன் தந்துள்ளன. அவை மனிதரிடத்து நிலைநாட்டப்பட்ட மருத்துவமாக இன்னும் ஆகவில்லை. ஆகவே தடுத்தலே இன்று கையிலுள்ள மருந்து. அதிலும் இயந்திரத்தின் இரைச்சலை அதன் பிறப்பிடத்திலேயே குறைத்தல் முதலிடம் பெறவேண்டும். தொழிலாளியின் காதில் அடைப்பானைத் திணித்துப் பொறுப்பை அவன்மீது சுமத்துதல் இறுதி வழியாகவே இருத்தல் வேண்டும். இரைச்சலிடையே சொற்களை விளங்கிக்கொள்ளும் திறனை அளக்கும் சோதனைகள் ஏற்கெனவே உள்ளன. அவற்றைத் தொழிற்சுகாதாரச் சோதனைகளில் இடம்பெறச் செய்வது பெருஞ் செலவான செயலன்று.

இவற்றுக்கு முன்னிபந்தனையாக, தொழிலாளியின் கூற்றைச் சான்றாக ஏற்கும் மனப்பாங்கு வேண்டும். கூட்டத்திற் பேச்சு விளங்கவில்லை என்று 1886 இற் கூறிய கொதிகலன் தொழிலாளி, அக்கால மருத்துவம் காணமுடியாத ஒன்றைத் தன் அனுபவத்தால் அறிந்திருந்தான். ஐம்புலன்களின் உருவாக்கம் இதுவரையான உலக வரலாறு முழுவதன் உழைப்பாகும் என்னும் கருத்தை மார்க்ஸ் 1844 இன் கையெழுத்துப் பிரதிகளில் முன்வைத்தார். புலன்கள் வரலாற்றால் ஆக்கப்படுவனவாயின், அவை வரலாற்றால் அழிக்கப்படவும் கூடும். அவ்வழிவு எங்கே தொடங்குகிறது என்பதை இன்று மயிர்க்கலத்துக்கும் நரம்பு நாருக்கும் இடைப்பட்ட மிகச் சிறிய இடைவெளி வரை சென்று சுட்டமுடிகிறது. சட்டத்தின் வேலியும் அவ்விடம்வரை நகர்தல் வேண்டும்.